மிருதங்கத்துக்குத் தனி விட்ட பிறகு பாடகருக்கு என்ன வேலை?

(காட்சி: சபா மேடை. நடுவில் பாடகர், இரு பக்கமும் வயலின், மிருதங்கம்.)

கர்நாடக சங்கீதக் கச்சேரி நோட்டீஸில் பாடகர் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் மேடையில் யார் யாரை நடத்துகிறார்கள் என்று பார்த்தால், கணக்கு அவ்வளவு நேராக இல்லை.

(காட்சி: வயலின் வில், நெருக்கத்தில்.)

தோடி ராக ஆலாபனை, அதாவது வரியும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது. பாடகர் ஒரு பிடி (ராகத்தைக் காட்டும் ஸ்வரத் தொடர்) பிடிக்கிறார். வயலின் அதன் வாலைத் தொட்டபடியே பின்னால் வருகிறது. பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. பாடகர் நிறுத்தியதும் வயலின் முறை. அவரைவிடக் கொஞ்சம் குறைவாகவே வாசிப்பார், அது மரியாதை. அதற்குள் புதிதாக ஒரு பிடி விழுந்தால் பாடகர் ‘பலே’ என்பார். பிறகு நிரவலில், ஒரே வரியை விதவிதமாகப் பாடும் இடத்தில், அதையே எடுத்துப் பாடுவதும் உண்டு.

(காட்சி: ஆதி தாளம். திரையில் 8 எண்ணிக்கை.)

கல்பனா ஸ்வரத்தில் (ஸ்வரங்களை அந்த நேரத்திலேயே கோத்துப் பாடுவது) பாடகர் 2 ஆவர்த்தனம், அதாவது 2 தாளச் சுற்று, பாடினால் வயலினுக்கும் 2. அப்புறம் 1, அரை, கால் என்று குறைப்பு. இங்கே வேண்டுமென்றே சிக்கலான கணக்கைப் போட்டு வயலினைத் தடுமாற வைக்கலாம். கைதட்டல் நிச்சயம். ஆனால் மிரண்டுபோன வயலின் அதற்குப் பிறகு சும்மா பின்னால் வருமே தவிர, எதையும் எடுத்துக் கொடுக்காது. நஷ்டம் பாடகருக்குத்தான்.

மறுபக்கமும் உண்டு. மிருதங்கக்காரர் கை ஓங்கினால் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், ஓடும், பாடகரும் கூடவே ஓட வேண்டியதுதான். நல்ல கை, சங்கதி (ஒரு வரியின் மெட்டு மாற்றம்) கனியும் இடத்தில் வாசிப்பதையே நிறுத்திவிடும்.

(காட்சி: பாடகரின் கை, தொடையில் தாளம்.)

அடுத்தது தனி ஆவர்த்தனம், மிருதங்கம் தனியாக வாசிக்கும் இடம். பாதி சபை கேன்டீனுக்குக் கிளம்பும் நேரம். போகாதீர்கள், வேடிக்கையே இங்கேதான். பாடகர் இப்போது தாளம் போடுகிறவர், அவ்வளவே. அவர் விரல் பிசகினால் மிருதங்கத்தின் கோர்வை (கணக்காக அமைந்த முடிப்பு) தப்பாகத் தெரியும். தனி எப்போது என்பது அவர் முடிவு. விட்ட பிறகு குறுக்கே வருவதில்லை. கோர்வை வந்து விழும் இடத்தில் விட்ட வரியைப் பிடித்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு அடியையும் கேட்டே தீர வேண்டும்.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரைச் சிறு வயதிலேயே தன் கச்சேரிகளில் வாசிக்க வைத்து ஊக்கம் கொடுத்தவர் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர். மேடையில் இப்படிப் பங்கு வைக்கத் தெரிந்த உலகம், பட்டம் கொடுக்க மட்டும் ஏனோ தயங்கியது. சென்னை மியூசிக் அகாடமி தொடங்கியது 1928-ல். அங்கே மிருதங்கத்துக்கு முதல் சங்கீத கலாநிதி பட்டம் 1966-ல்தான் வந்தது, அதே மணி ஐயருக்கு.