கைமாறும் கணம்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உருவான விதம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டோமேட்டிக் கார் என்று பேச்செடுத்தால் முதல் கேள்வி "எத்தனை கியர்?" என்பதாகத்தான் இருக்கும். விளம்பரங்களும் ஆறு, எட்டு, பத்து என்று அதையேதான் சொல்கின்றன. பற்சக்கரங்களைக் கூட்டிக்கொண்டே போவது பெரிய காரியமில்லை. ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குப் போகும் அந்த அரை நொடியில் எஞ்சினின் சுமையை யார் தாங்குவது என்பதோடுதான் இந்தத் துறை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டி வருகிறது.

கைக்குழந்தையை ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் பிடிக்கும் முன்பே கொடுக்கிறவர் கையை எடுத்தால் குழந்தை நழுவும். வாங்கியவர் பிடித்த பிறகும் கொடுத்தவர் விடாமலிருந்தால் இரண்டு பக்கமும் இழுபட்டு வீறிடும். கியர்பாக்ஸில் முதல் தவறு நடந்தால் எஞ்சின் சுமையிழந்து உறுமி எகிறும். பட்டறையில் ஃப்ளேர் என்பார்கள். இரண்டாவது நடந்தால் பிரேக் பிடித்ததுபோல் வண்டி முன்னுக்குக் குலுங்கும், அது டை-அப். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மேசை மேல் இருக்கும் இந்தத் தொகுதியைப் பாருங்கள். நடுவில் சூரியச் சக்கரம், 30 பல். வெளியே வளையச் சக்கரம், உள்பக்கம் வெட்டிய 66 பல். இடையில் 18 பல் கொண்ட மூன்று கோள் சக்கரங்கள். அவற்றின் அச்சுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது கேரியர். எல்லாப் பற்களும் எப்போதும் கவ்வியே இருக்கின்றன. மேனுவல் பெட்டியில் போல எதையும் நகர்த்திக் கோக்க வேண்டாம். ஒன்றை அசையாமல் பிடி, ஒன்றைச் சுற்று, மூன்றாவதில் வேகம் மாறி வெளியே வரும். சூரியனைப் பிடித்துக்கொண்டு வளையத்தைச் சுற்றுகிறேன்: வளையம் 16 சுற்று சுற்றும்போது கேரியர் 11 சுற்று. அதாவது 1.45 விகிதம். கேரியரைப் பிடித்தால் சூரியனும் வளையமும் எதிரெதிராகச் சுழலும். ரிவர்ஸ் அங்கிருந்து வருகிறது. எந்த இரண்டையும் ஒன்றோடொன்று பூட்டினால் மொத்தமும் ஒரே கட்டியாகச் சுற்றும். அது நேர் கியர்.

பிடிப்பதற்கு மூன்று கருவிகள் உண்டு. டிரம்மைச் சுற்றி இறுகும் எஃகுப் பட்டை ஒன்று, பேண்ட் என்பார்கள். எண்ணெயில் நனைந்த கிளட்ச் அடுக்கு இன்னொன்று: காகித உறை ஒட்டிய தட்டும் வெறும் எஃகுத் தட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும், எண்ணெய் அழுத்தத்தில் பிஸ்டன் வந்து அவற்றை நெருக்கும். மூன்றாவது ஒருவழி கிளட்ச், நம் சைக்கிளின் ஃப்ரீவீல் மாதிரி. ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் தானே வழிவிடும். இந்த மூன்றாவதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்து, 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபிலில் வந்த ஹைட்ரா-மாட்டிக்தான் பெருமளவில் விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக். எர்ல் தாம்ப்ஸன் தலைமையிலான குழு செய்தது. மேனுவல் பெட்டியில் கியர் போடும்போது வேகத்தைச் சமன்செய்து பற்கள் உரசாமல் காக்கும் சிங்க்ரோமெஷ்ஷும் அவர் தந்ததே. கிளட்ச் மிதிக்குப் பதிலாக எஞ்சினுக்குப் பின்னால் ஒரு திரவ இணைப்பு இருந்தது. எதிரெதிராக வைத்த இரண்டு துடுப்புச் சக்கரங்கள், நடுவில் எண்ணெய். ஒன்று சுழன்றால் எண்ணெய் மற்றதைத் தள்ளும். அதன் மூலக் கருத்து ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியரின் 1905-ம் ஆண்டுக் காப்புரிமையில் இருக்கிறது. வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழலும் கப்பல் விசிறியோடு இணைக்க அவர் யோசித்த வழி அது.

ஹைட்ரா-மாட்டிக்கில் முன்னும் பின்னுமாக இரண்டு கோள் தொகுதிகள். முன்னதன் விகிதம் 1.45, பின்னதன் விகிதம் 2.63. முதல் கியரில் இரண்டும் வேகத்தைக் குறைக்கும், பெருக்கினால் 3.8 சொச்சம். இரண்டாவதில் முன் தொகுதி நேராகும், 2.63 மட்டும் மிஞ்சும். மூன்றாவதில் தலைகீழ்: பின் தொகுதி நேர், முன் தொகுதி 1.45. நான்காவதில் இரண்டுமே நேர். காகிதத்தில் எவ்வளவு அழகு! இப்போது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதை மட்டும் கவனியுங்கள். முன் கிளட்ச் விட வேண்டும், முன் பட்டை பிடிக்க வேண்டும், பின் பட்டை விட வேண்டும், பின் கிளட்ச் பிடிக்க வேண்டும். நான்கு வேலையும் ஒரே கணத்தில். கணினி கிடையாது. காரின் வேகத்துக்கேற்ப அழுத்தம் தரும் கவர்னரும், ஸ்பிரிங்கை எதிர்த்து நகரும் வால்வுகளும், சிறு துளைகளும் மட்டுமே அந்தக் கணத்தைக் கணித்தன. அந்த மாற்றம் உதைப்பதாகப் பேர் வாங்கியதில் வியப்பில்லை. ஆனால் பெட்டி உறுதியானது. இரண்டாம் உலகப் போரில் எம்5 டாங்கியில் இரண்டு கேடிலாக் எஞ்சின்களும் ஆளுக்கொரு ஹைட்ரா-மாட்டிக்கோடுதான் ஓடின.

அதே நிறுவனத்தின் பியூக் பிரிவு வேறு வழி பார்த்தது. கைமாற்றில்தானே தொல்லை, கைமாற்றே வேண்டாம் என்று 1948-ல் டைனாஃப்ளோவைக் கொண்டுவந்தது. அதில் டார்க் கன்வெர்ட்டர். திரவ இணைப்பின் நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது துடுப்புச் சக்கரத்தை ஒருவழி கிளட்ச் மேல் வைத்தால், திரும்பி வரும் எண்ணெயை அது வளைத்து, எஞ்சின் சுற்றும் திசையிலேயே அனுப்பும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது முறுக்குவிசை சுமார் இரண்டு மடங்காகும். வேகம் கூடியதும் ஸ்டேட்டர் தானும் சேர்ந்து சுழன்றுவிடும். டைனாஃப்ளோவில் டிரைவ் போட்டால் கியர் மாறவே மாறாது. வெண்ணெய்போல் ஓடியது, ஆனால் எண்ணெயைக் கடைந்தே எரிபொருளை வெறும் வெப்பமாக்கித் தீர்த்தது. அதற்கான மருந்து மறு ஆண்டே வந்தது: 1949-ல் பேக்கார்ட் தன் அல்ட்ராமாட்டிக்கில், ஓடும் வேகம் வந்ததும் கன்வெர்ட்டரையே பூட்டிவிடும் லாக்-அப் கிளட்ச்சை வைத்தது. அந்த நல்ல யோசனை பரவலாகத் திரும்பி வர எரிபொருள் விலையேற்றம் தேவைப்பட்டது. 1978-ல் க்ரைஸ்லர் அதை எடுத்துக்கொண்டது.

என் பார்வையில் இந்தத் துறையின் மிகச் சிக்கனமான வடிவமைப்பு, க்ரைஸ்லர் 1956-ல் வெளியிட்ட டார்க்ஃப்ளைட். ஹோவர்ட் சிம்ப்ஸன் வகுத்த தொகுதி அதில் உண்டு: இரண்டு கோள் தொகுதிகள், இரண்டுக்கும் பொதுவாக ஒரே சூரியன். முன் கேரியரும் பின் வளையமும் வெளித்தண்டோடு, அதாவது வண்டிச் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டோடு, சேர்ந்தவை. மேசையில் இருக்கும் இதே 30-க்கு 66 என்ற விகிதத்தை, அதாவது 0.45-ஐ, இரண்டு தொகுதிக்கும் வைத்துக் கணக்குப் போடுங்கள். முன் வளையத்தில் எஞ்சின், சூரியனைப் பிடித்தால் ஒன்றோடு 0.45 கூட்டி 1.45: இரண்டாவது கியர். சூரியனை விட்டுப் பின் கேரியரைப் பிடித்தால் சூரியன் பின்னோக்கிச் சுழலும், கணக்கு இரண்டோடு 0.45 கூட்டி 2.45: முதல் கியர். எஞ்சினைச் சூரியனில் கொடுத்து அதே பின் கேரியரைப் பிடித்தால் 66-ஐ 30-ஆல் வகுத்த 2.20: ரிவர்ஸ். டார்க்ஃப்ளைட்டின் கியர் விகிதங்கள் சரியாக இவைதான். ஒரே ஒரு எண்ணிலிருந்து மொத்தப் பெட்டியும் பிறக்கிறது.

அதைவிட முக்கியம், முதல் கியரில் பின் கேரியரைப் பிடிப்பது யார் என்பது. ஒருவழி கிளட்ச்! ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக முன் பட்டையை இறுக்கினால் போதும். கேரியர் எந்தக் கணத்தில் முன்னோக்கி நகரத் தொடங்குகிறதோ அதே கணத்தில் அது தானே விட்டுவிடும். கொடுக்கிறவர் நேரம் பார்க்கத் தேவையே இல்லை. வால்வு எதுவும் இவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியாது. இதற்கு ஒரு விலையும் உண்டு: டிரைவில் முதல் கியரில் எஞ்சின் பிரேக்கிங் (ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியை மெதுவாக்குவது) கிடைக்காது. அதற்காகவே 1-ஐத் தேர்ந்தெடுத்தால் பின் பட்டையும் சேர்ந்து இறுகும்படி வைத்தார்கள். முன் பட்டைக்கு வெளியிலிருந்தே சரிசெய்யும் திருகு உண்டு. சுமார் 8 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கி, பிறகு மாடலைப் பொறுத்து இரண்டு அல்லது இரண்டரைச் சுற்று தளர்த்திப் பூட்டுவார்கள். அரைச் சுற்று கூடக் குறைய ஆனால் கைமாற்றும் அந்த அளவுக்குக் கெடும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் பம்புக்கு ரத்தம், பல்லுக்கு மசகு, வெப்பத்துக்கு வடிகால். இத்தனைக்கும் மேலே கிளட்ச் எப்படிப் பிடிக்கும் என்பதைத் தீர்மானிப்பதும் அதுதான். வழுக்கல் நின்று தட்டுகள் ஒட்டப்போகும் கடைசிக் கணத்தில் உராய்வு சட்டென்று ஏறினால் வண்டி உதைக்கும் அல்லது நடுங்கும். அந்த ஏற்றத்தைத் தட்டையாக்க அந்தக் காலத்தில் சேர்த்தது ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடுத்த பிறகு வேதிச் சேர்க்கைகள் வந்தன. பெட்டிக்குப் பெட்டி அந்தச் சேர்க்கை வேறு. "எல்லாம் சிவப்பு எண்ணெய்தானே" என்று எதையாவது ஊற்றுவது கிளட்ச் உறையையே மாற்றி ஒட்டியதற்குச் சமம்.

அடுத்த பாய்ச்சல் மின்னணுவால் வந்தது. 1989-ல் க்ரைஸ்லரின் ஏ604 பட்டையையும் ஒருவழி கிளட்ச்சையும் கழற்றிவிட்டு, கிளட்ச்சிலிருந்து கிளட்ச்சுக்குக் கைமாற்றுவதைக் கணினியிடம் ஒப்படைத்தது. இன்றைய கோள் சக்கரப் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த வழிதான். நடப்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். முதலில் பிடிக்கப்போகும் கிளட்ச்சின் பிஸ்டன் அறைக்குள் ஒரு துடிப்பாக எண்ணெய் போகும். தட்டுகளுக்கிடையே உள்ள இடைவெளி மறைந்து, தொட்டும் தொடாமலும் நிற்கும். அடுத்து அதன் அழுத்தம் ஏற ஏற, விடப்போகும் கிளட்ச்சின் அழுத்தம் இறங்கும். சுமை கைமாறிவிட்டது, ஆனால் எஞ்சின் வேகம் இன்னும் மாறவில்லை. கடைசியில் புதிய கிளட்ச் எஞ்சினைப் புதிய கியரின் வேகத்துக்கு இழுத்து இறக்கும். அப்போது கணினி எஞ்சினின் விசையை ஒரு கணம் குறைத்து உதவும். டர்பைன் (கன்வெர்ட்டரில் எண்ணெய் தள்ளிச் சுழலும் சக்கரம்) வேகம், வெளித்தண்டு வேகம் இரண்டையும் சென்சார்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். எகிறினால் அடுத்த முறை கொஞ்சம் முன்னதாக நிரப்பக் கணினி கற்றுக்கொள்ளும்.

இதனால்தான் புதிய கிளட்ச் அடுக்கு போட்ட வண்டியில், பழைய தேய்ந்த அடுக்குக்காகக் கற்ற அளவுகளை அழிக்காமல் விட்டால் டங்கென்று இடிக்கும். அழித்துவிட்டு, கியர்பாக்ஸ் சூடான பிறகு மிதமான ஆக்சிலரேட்டரில் எல்லா கியரும் பலமுறை ஏறி இறங்கும்படி ஓட்டிக் கற்பிக்க வேண்டும்.

2009-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்த ஜெட்எஃப் 8எச்பி பெட்டி இந்த வழியின் உச்சம். நான்கு கோள் தொகுதி, பிடிக்கும் கருவிகள் ஐந்தே ஐந்து. எந்த கியரிலும் மூன்று மூடியிருக்கும், இரண்டே திறந்திருக்கும். திறந்த தட்டுகள் எண்ணெயில் இழுபடுவதால் வரும் நஷ்டம் அதனால் குறைவு. அடுத்தடுத்த கியருக்குப் போக ஒன்று விடும், ஒன்று பிடிக்கும், அவ்வளவுதான். 4.71-லிருந்து 0.67 வரை எட்டு கியர் இருப்பதால் படிகளும் சிறியவை. டார்க்ஃப்ளைட் 4,000 சுற்றில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் எஞ்சின் 2,750-க்கு இறங்க வேண்டும். 8எச்பி ஆறிலிருந்து ஏழுக்குப் போனால் சுமார் 3,350-க்கு இறங்கினால் போதும். கிளட்ச் விழுங்க வேண்டிய வெப்பமும் அந்த அளவுக்குக் குறைகிறது.

மற்ற வகைகளையும் இதே கண்ணால் பாருங்கள். சிவிடியில் பெல்ட் கப்பிகளின் விட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் கைமாற்றே இல்லை. 1958-ல் டச்சு நிறுவனமான டாஃப் ரப்பர் பெல்ட்டோடு தொடங்கியது. இரட்டைக் கிளட்ச் பெட்டியில் கைமாற்று மட்டுமே உண்டு, பொதுவாகக் கன்வெர்ட்டர் இல்லை. நம் நாட்டில் 2014-ல் மாருதி செலேரியோவோடு பரவிய ஏஎம்டி, மேனுவல் பெட்டிதான். கிளட்ச்சையும் லீவரையும் கணினி சொல்படி ஒரு கருவி இயக்குகிறது. ஒற்றைக் கிளட்ச் என்பதால் கைமாற்றும்போது குழந்தை ஒரு கணம் யார் கையிலும் இல்லை. தலை முன்னே போய் வருவது அதனால்தான். மேட்டில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டராலேயே ஏஎம்டி வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் தேய்ந்து கருகும்.

பழுதுகளுக்கு வருகிறேன். சீரான வேகத்தில், லேசான ஆக்சிலரேட்டரில், கரடுமுரடான பட்டைக்கோடுகள் மேல் ஓடுவதுபோல் வண்டி அதிர்கிறதா? அப்படியே பிரேக் மிதியை இடது காலால் மெல்லத் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்போது லாக்-அப் விட்டுவிடும். அதிர்வு உடனே நின்றால் குறை கன்வெர்ட்டர் பக்கம். நிற்காவிட்டால் எஞ்சின் மிஸ்ஃபயரை, அதாவது ஏதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் விடுவதை, தேடுங்கள். காலையில் டி போட்டதும் தயங்கினால், எண்ணெய் அளவு சரியா என்று முதலில் பார்த்துவிட்டு, பிஸ்டன் சீல் இறுகிவிட்டதா என்று யோசிக்கலாம். எண்ணெய் ரோஸ் நிறப் பால்போல் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. தட்டில் உறையை ஒட்டிய பசையே இளகிவிடும் என்பதால், எண்ணெயை மட்டும் மாற்றி அந்தப் பெட்டியைக் காப்பாற்ற முடியாது. எஞ்சின் நின்ற வண்டியை, எஞ்சின் விசை போகும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப் போகாதீர்கள். பம்ப் எஞ்சினால் சுற்றுவது. அது நின்றால் உள்ளே மசகு இல்லை.

எண்ணெய் "ஆயுள் முழுமைக்கும்" என்று சில கையேடுகளில் இருக்கும். ஆனால் 8எச்பி செய்யும் ஜெட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றும்போது முதலில் நிரப்பும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அது கழன்ற பிறகே வடிக்கும் மூடியில் கை வையுங்கள். வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றுங்கள். கன்வெர்ட்டருக்குள் நிற்பது வராது என்பதால் மொத்தத்தில் பாதி அளவுதான் மாறும். சமதளத்தில் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக் மிதித்தபடி ஆர், டி என்று லீவரை ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி பி-க்கு வாருங்கள். எண்ணெயின் வெப்பம் 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, நிரப்பும் மூடியைத் திறந்து, ஒழுக்கு துளித்துளியாக மெலிந்ததும் மூடுங்கள். 80 டிகிரியில் திறந்தால் விரிந்த எண்ணெய் அளவுக்கு மீறி வழிந்து போகும். ஆறியதும் பெட்டியில் குறை விழும். மறுநாள் காலையில் டி போட்டதும் இரண்டு நொடி தயங்கி நிற்பது அந்த வண்டிதான்.