பழைய தொலைபேசிக்குப் புது எக்ஸ்சேஞ்ச்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் அந்த மோடத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். இணையக் கேபிள் சொருகும் அகலமான ஓட்டைகளுக்குப் பக்கத்தில் குறுகலாக இன்னொரு ஓட்டை இருக்கும். ஃபோன் என்றோ டெல் என்றோ எழுதியிருக்கும். பழைய தொலைபேசியை அதில் மாட்டி இணையம் வழியாகப் பேசலாம். இதே வேலையை மட்டும் செய்யத் தனிப் பெட்டியும் கிடைக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஏ.டி.ஏ. என்பார்கள், தொலைபேசி அடாப்டர் என்றும் சொல்வார்கள். கிராண்ட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் 801 என்றால் ஒரு தொலைபேசி மாட்டலாம், 802 என்றால் இரண்டு. விடுதி, பள்ளி அலுவலகம், சிறிய மருத்துவமனை போன்ற இடங்களில் நல்ல நிலையில் இருக்கும் பழைய தொலைபேசிகளைத் தூக்கிப் போடாமல் இணையத்தில் ஓட்ட இது போதும்.

அந்த ஓட்டைக்கு எஃப்.எக்ஸ்.எஸ். போர்ட் என்று பெயர். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, அதன் வேலை மறக்கக்கூடாது. ஊரில் இருந்த எக்ஸ்சேஞ்ச் செய்த வேலையை இப்போது உங்கள் மேசையில் இருந்துகொண்டு அது செய்கிறது. ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கிறது. ரிசீவரை எடுத்தால் டயல் டோன் தருகிறது. அழைப்பு வந்தால் மணி அடிக்கிறது. எக்ஸ்சேஞ்சும் இதே மின்சாரத்தைத்தான் கம்பியில் அனுப்புகிறது, அதனால்தான் வெளியிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பியை இதில் சொருகவே கூடாது என்கிறோம். இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுத்தால் பெட்டி புகைந்துவிடும். வீட்டுக்குள் ஓடும் பழைய வயரிங்கில் இதை இணைக்க நினைப்பவர்கள், வெளியிலிருந்து வரும் கம்பியை முதலில் கழற்றிவிடுங்கள். இதை மறுபடி சொல்கிறேன்: முதலில் கழற்றுங்கள், பிறகு இணையுங்கள்.

சரி, பெட்டிக்குள் எப்படிப் போவது? கிராண்ட்ஸ்ட்ரீம் பெட்டி என்றால், அதில் மாட்டிய தொலைபேசியிலேயே நட்சத்திரக் குறியை மூன்று முறை அழுத்துங்கள். ஒரு குரல் வரும். 02 அழுத்தினால் பெட்டியின் ஐ.பி. முகவரியைப் படித்துக் காட்டும். சிஸ்கோ, லின்க்சிஸ் பெட்டிகளில் நட்சத்திரம் நான்கு முறை, பிறகு 110, பிறகு ஹேஷ். அந்த முகவரியைக் கணினியின் பிரவுசரில் போட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். உள்ளே போனதும் முதல் வேலை, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுவது. மாற்றாமல் விட்ட பெட்டியைப் பிடித்து வெளிநாட்டுக்கு அழைப்புகளைத் தள்ளிவிடுவார்கள், பில் உங்கள் பெயருக்கு வரும்.

ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனிப் பக்கம் உண்டு. சேவை தருபவர் நான்கு விவரங்கள் கொடுப்பார்: சர்வர் முகவரி, யூசர் ஐ.டி., ஆத்தென்டிகேட் ஐ.டி., பாஸ்வேர்டு. நடுவில் உள்ள இரண்டும் சில இடங்களில் ஒன்றாகவே இருக்கும், சில இடங்களில் வேறு வேறாக இருக்கும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் பதிவாகவில்லை என்றால் அங்கேதான் பாருங்கள். இரண்டு போர்ட் உள்ள பெட்டியில் முதல் போர்ட்டுக்கு லோக்கல் எண் (இணையச் செய்தி வந்து சேரும் வாசல் எண், தொலைபேசி எண் அல்ல) 5060, இரண்டாவதற்கு 5062 என்று இருக்கும். இரண்டுக்கும் ஒரே எண் போட்டால் மோதிக்கொள்ளும்.

அடுத்தது, அடிக்கடி கேட்கும் புகார்: "நான் பேசினால் போகிறது, எனக்கு யார் கூப்பிட்டாலும் வருவதில்லை." உங்கள் பெட்டி வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே போன செய்திக்குப் பதில் வருவதற்காக ரௌட்டர் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் போகவில்லை என்றால் மூடிவிடும். சில ரௌட்டர்கள் அரை நிமிடத்திலேயே மூடிவிடும். பெட்டியோ ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் சர்வரிடம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்கிறது. நடுவில் வரும் அழைப்பு மூடிய கதவில் முட்டி நிற்கிறது. அவ்வப்போது சிறு செய்தி அனுப்பிக் கதவைத் திறந்தே வைக்கும் கீப் அலைவ் என்ற அமைப்பை இயக்கி, இடைவெளியை 20 நொடி வையுங்கள். ரௌட்டரில் இணைய அழைப்புச் செய்திகளில் தலையிடும் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவி செய்கிறேன் என்று முகவரிகளைத் திருத்தி, ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கும்படி அது செய்துவிடும். பதிவு நேரத்தை, அதாவது பெட்டி சர்வரிடம் "இருக்கிறேன்" என்று சொல்லும் இடைவெளியை, மாற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: லின்க்சிஸில் அது நொடிக் கணக்கு, கிராண்ட்ஸ்ட்ரீமில் நிமிடக் கணக்கு. லின்க்சிஸ் பழக்கத்தில் இங்கே 3600 என்று போட்டால் இரண்டரை நாள்!

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். பொத்தான் ஓசை.

1963 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இரண்டு சிற்றூர்களில் பொத்தான் தொலைபேசி பொதுமக்களுக்கு வந்தது. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஓசைகளை ஒரே நேரத்தில் எழுப்பும். 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸ் ஒன்று, 1336 ஹெர்ட்ஸ் ஒன்று. ஏன் இரண்டு? ஒற்றை ஓசை என்றால் பேச்சிலோ விசிலிலோ தற்செயலாக வந்துவிடும், எக்ஸ்சேஞ்ச் ஏமாந்துவிடும். இப்படிக் கவனமாகத் தேர்ந்தெடுத்த இரண்டு தூய ஓசைகள் சேர்ந்து மனிதக் குரலில் எளிதில் வராது. என்ன அழகான யோசனை, பாருங்கள்!

அந்த அழகே இணையத்தில் வினையாகிறது. ஜி.729 என்ற குரல் சுருக்கும் முறை, நொடிக்கு 64 கிலோபிட் எடுக்கும் குரலை 8 கிலோபிட்டில் அடக்குகிறது. மனிதத் தொண்டை எப்படி ஒலி எழுப்பும் என்று கணித்துத்தான் அப்படிச் சுருக்குகிறது. குரலைப் போல இருக்கக்கூடாது என்று செய்த ஓசையை, குரலுக்காகச் செய்த கருவியில் போட்டால் என்ன ஆகும்? சிதைந்துபோகும். வங்கியில் "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்கிறார்கள், நீங்கள் அழுத்துகிறீர்கள், அவர்கள் மறுபடி அதையே சொல்கிறார்கள். பொத்தான் பழுது என்று நினைத்துச் சிலர் புதுத் தொலைபேசி வாங்குகிறார்கள். வேண்டாம், வாங்காதீர்கள்.

போர்ட் பக்கத்தில் டி.டி.எம்.எஃப். முறை என்று இருக்கும், இந்தப் பொத்தான் ஓசைக்குத்தான் அந்தப் பெயர். மூன்று வழிகள்: ஓசையைக் குரலோடு அனுப்புவது, ஆர்.எஃப்.சி. 2833, எஸ்.ஐ.பி. இன்ஃபோ. 2833-ஐ முதலில் வையுங்கள். அதில் ஓசையே போகாது. "5 அழுத்தப்பட்டது, இத்தனை நேரம்" என்ற தகவல் மட்டும் தனிச் செய்தியாகப் போகும். மறுமுனையில் தேவைப்பட்டால் ஓசையைப் புதிதாக உண்டாக்கிக்கொள்வார்கள். 2006-இல் இதற்கு 4733 என்று புது எண் வந்துவிட்டது, ஆனாலும் பெட்டிகளில் பழைய எண்தான் இன்னும் நிற்கிறது. அந்தச் செய்தியின் வகை எண்ணைக் கேட்கும் பேலோடு டைப் என்ற இடத்தில் 101 இருக்கட்டும். ஓசையும் செய்தியும் இரண்டுமே போனால் ஓர் இலக்கம் இரண்டாகப் பதிவாகி, கணக்கு எண் தவறு என்று பதில் வரும். சரிபார்ப்பது எளிது. பத்து இலக்க எண்ணை அழுத்தச் சொல்லி, அதைத் திரும்பப் படித்துக் காட்டும் ஏதாவது ஒரு சேவை எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

இணைய வேகம் போதுமானதாக இருந்தால் என்னைக் கேட்டால் சுருக்கவே வேண்டாம். பி.சி.எம்.ஏ., அதாவது ஜி.711 ஏ-லா, அதை முதலிடத்தில் வையுங்கள். இந்தியத் தொலைபேசிகளுக்கு அதுதான் வழக்கம். குரலோடு கூடவே போகும் முகவரி விவரங்கள் எல்லாம் சேர்த்தும் நொடிக்கு 90 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடும்.

நேரம் ஓடிவிட்டது. எதிரொலி கேட்டால் இம்பீடன்ஸ், அதாவது தொலைபேசிக் கம்பியின் மின்மறுப்பு, என்ற அமைப்பை உங்கள் நாட்டுக்கு மாற்றுங்கள். கூப்பிடுபவர் எண் தெரியாவிட்டால் காலர் ஐ.டி. முறையை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எண்ணை அழுத்தி முடித்ததும் ஹேஷ் அழுத்தினால், நான்கு நொடி காத்திருக்காமல் அழைப்பு உடனே போகும். எந்த எண்களை அழைக்கலாம் என்று சொல்லும் விதிப்பட்டியலான டயல் பிளான் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஒன்றே ஒன்று மட்டும்: 112, 108 போன்ற மூன்று இலக்க எண்களுக்கு அதில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மின்சாரம் போனால் இந்தத் தொலைபேசியும் போய்விடும், ஆகவே மோடம், ரௌட்டர், அடாப்டர் மூன்றையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள். ஃபேக்ஸ் வைத்திருப்பவர்கள் இணையத்தில் ஃபேக்ஸ் அனுப்பும் முறையான டி.38-ஐ இயக்குங்கள், மறுமுனையிலும் அது இருக்க வேண்டும். எதை மாற்றினாலும் பக்கத்தின் அடியில் அப்ளை பொத்தானை அழுத்த மறக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.