மூன்று கடிதம், மூன்று வெற்றி

நடுவர் அவர்களே! "டார்வின் காலத்து அறிவியல் சண்டைகளை உள்ளபடி காட்டுவது அச்சேறிய நூல்களா, காப்பகத்துக் கடிதங்களா?" என்பதே தலைப்பு; நான் கடிதங்கள் பக்கம். நூல்களுக்காகப் பேசிய எதிரணித் தலைவர், "கடிதம் ஊர்வம்பு, நிதானமாக எழுதியது புத்தகம்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். அந்த வம்பில்தான் ஐயா விஷயமே இருக்கிறது!

அவர் எடுத்துக்கொடுத்த ஆக்ஸ்போர்டு கதையையே பார்ப்போம். 1860 ஜூன் 30, டார்வினின் பரிணாமக் கொள்கை பற்றி ஆக்ஸ்போர்டில் ஒரு விவாதக் கூட்டம். "நீங்கள் குரங்குக்குப் பிறந்தது தாத்தா வழியிலா, பாட்டி வழியிலா?" என்று பிஷப் வில்பர்ஃபோர்ஸ் கேட்க, டார்வினின் ஆதரவாளரான விலங்கியலாளர் ஹக்ஸ்லி ஒரே பதிலில் அவர் வாயை அடைத்தார். எத்தனை புத்தகத்தில் படித்திருக்கிறோம்! அந்தச் சுவையான வடிவம் பெரும்பாலும் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1898இல் ஒரு பத்திரிகையில் வந்த நினைவுக் குறிப்பிலிருந்து. 38 வருஷம் ஆறிப்போன சோறு!

சுடச்சுட எழுதியதைப் பாருங்கள். ஜூலை 2, தாவரவியலாளர் ஹூக்கர் டார்வினுக்கு எழுதுகிறார்: ஹக்ஸ்லி நன்றாகத்தான் பேசினார், ஆனால் அத்தனை பெரிய கூட்டத்துக்கு அவர் குரல் எட்டவில்லை, சபையும் வசப்படவில்லை, பிறகு நான் எழுந்துதான் பிஷப்பை நொறுக்கினேன். மறுநாள் பிஷப் தன் நண்பருக்கு எழுதுகிறார்: ஹக்ஸ்லியை நன்றாகத் தோற்கடித்தேன். செப்டம்பரில் ஹக்ஸ்லி எழுதுகிறார்: அதன்பின் 24 மணி நேரம் ஆக்ஸ்போர்டில் என்னைவிடப் பிரபலமானவன் யாருமில்லை. மூவருமே ஜெயித்தார்களாம்! ஹூக்கர் தன் பெருமையைக் கொஞ்சம் கூட்டியே எழுதியிருப்பார், மறுக்கவில்லை. ஆனால் முடிவு அன்றைக்கே தெளிவாகவில்லை என்பதை எந்தப் பாடநூல் சொன்னது?

"வாலஸ் இந்தோனேசியாவின் டெர்னேட் தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பிய கடிதமே தொலைந்துவிட்டதே, உங்கள் காப்பகம் என்ன கிழித்தது?" என்றார் எதிரணித் தலைவர். நல்ல கேள்வி. வாலஸ், டார்வினின் அதே பரிணாம யோசனையைத் தனியாகவே கண்டடைந்த இயற்கையியலாளர். கடிதத்தோடு வந்த அவர் கட்டுரை 1858 ஆகஸ்டிலேயே அச்சாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் சண்டை தீர்ந்ததா? கடிதம் ஜூன் 18 அன்று வந்ததாக டார்வின் சொன்னார். இல்லை, முன்னமே வந்தது, மறைத்துவைத்தார் என்று ஒரு கூட்டம். கப்பல் தபால் கால அட்டவணைகளைப் புரட்டி, டார்வின் சொன்னதே சரி என்று இன்னொரு கூட்டம். ஒரு உறையும் அதன்மேல் ஒரு தபால் முத்திரையும் இருந்திருந்தால் இத்தனை ரகளை ஏன்?

கடைசியாக, அவர் உயர்த்திப் பிடித்த டார்வின் சுயசரிதை. 1887இல் மகன் பிரான்சிஸ் வெளியிட்டபோது, மதம் பற்றிய பல பகுதிகளுக்குக் கத்தரி போட்டார்கள். குரங்கால் பாம்புப் பயத்தை உதற முடியாததுபோல, சிறுவயதிலேயே கடவுள் நம்பிக்கை ஊட்டப்பட்ட பிள்ளைகளாலும் அதை உதற முடியாது என்று டார்வின் எழுதிய வாக்கியமும் போயிற்று. நீக்கச் சொன்னது மனைவி எம்மா. அதுவும் எப்படித் தெரிகிறது? அவர் மகனுக்கு எழுதிய கடிதத்திலிருந்து! 1958இல் பேத்தி நோரா பார்லோ கையெழுத்துப் பிரதியைப் பார்த்து விட்டுப்போனதையெல்லாம் சேர்த்தார். அதுவரை 71 ஆண்டுகள் வாசகர்கள் படித்தது எந்த டார்வினை? எதிரணித் தலைவர் பதில் சொல்லட்டும்.