பீலித் தண்ணீர் கலங்கிய இரவு

நேயர்களுக்கு வணக்கம்.

முழு விபரமும் கையில் இல்லாதபோது எப்படி முடிவெடுப்பது என்பதே இன்றைய பேச்சு. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு இது புதிய கேள்வியன்று. மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால், லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலேயே, படுப்பதா, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதா என்று யோசிக்காத குடும்பம் நம்மிடையே குறைவு.

என் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, எழுத்து தெரியாது. எந்த மழைக்கும் தெளிவாகவே விழும் பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றுத் தண்ணீர், கலங்கி வந்தால் அன்றிரவு லயத்தில் தங்கக்கூடாது என்று, வெயில் காலத்திலேயே அவர் தீர்மானித்து வைத்திருந்தார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு மாலை அந்தத் தண்ணீரைக் கிளாசில் பிடித்துக் குப்பி லாம்பின் அருகே வைத்தார். சற்று நேரத்தில் அடியில் விரல் கனத்திற்குச் செம்மண் படிந்தது. அப்பா தயங்கினார். அப்பாயி ஒன்றும் வாதாடாமல் கம்பளியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கோயில் மண்டபத்திற்கு நடந்தார்; நாங்களும் பின்னால் போனோம்.

நடுச்சாமத்தில் மழை விட்டது. மலை சரியவில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பல நாள் எங்களைக் கேலி செய்தார்கள். அப்பாயி சொன்னது இவ்வளவுதான்: "ஒரு ராத்திரி தூக்கந்தானே போச்சு."

அந்த முடிவு சரியானது என்றே இன்றும் சொல்வேன். மலை சரியாததால் அது பிழையாகிவிடாது. முடிவை அளக்க வேண்டியது அந்த மாலையில் தெரிந்திருந்ததைக் கொண்டே; மறுநாள் காலையில் தெரிந்ததைக் கொண்டன்று. போனது பிழையானால் இழப்பது தூக்கம்; இருந்தது பிழையானால் இழப்பது என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த இரண்டு பிழைகளும் ஒரே எடையுள்ளவை அல்ல என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு தூறலுக்கும் ஓடினால் மூன்றாம் முறை எவரும் வரமாட்டார்கள். அடையாளத்தை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது அதற்காகத்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்று மழைக்குப் படிகள் வைத்து எச்சரிப்பதும் ஏறக்குறைய அப்பாயியின் கணக்குத்தான். கதவு திடீரென்று நிலையில் இறுகுவது, நிலத்தில் வெடிப்பு ஓடுவது, மரங்கள் சாய்வது ஆகியவற்றையும் அதே பட்டியலில் சேருங்கள்.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணில் புதைந்தபோது, 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தோமே என்றார்கள் அதிகாரிகள். அங்கே இல்லாமற் போனது தகவலன்று, போக்கிடம். சொந்தக் காணியோ வேறு வீடோ இல்லாதவரிடம் "வெளியேறு" என்று சொல்லிவிட்டு, எங்கே என்று சொல்லாமல் விட்டால், அதை அவருடைய முடிவு என்று அழைப்பது நியாயமா? ஓரிரவுக்கு எங்களுக்கு ஒரு கோயில் மண்டபமாவது இருந்தது.

நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். முழு விபரம் தெரியாமல் எடுத்த இன்னொரு முடிவைச் சொல்லும் கோப்பிக் கதைக்கு ஒரு நிமிடந்தான் மிச்சம். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இல் தேயிலை நட்டபோது, எங்கும் கோப்பிதான் பணம். நாளை என்ன விலைபோகும் என்று அறியாத அவர், தேயிலைக்கு ஒதுக்கியது 19 ஏக்கர் மட்டுமே. கோப்பியை அழித்த இலைநோய் இங்கே வெளிப்பட்டது 1869இல். நன்றி, வணக்கம்.