வாய் திறந்தவர்களால் வளர்ந்த சபை

(ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போதகர் ஐயா அவர்களே, மூப்பர்களே, கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

சபை வரலாறு பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஆண்டு விழா மேடையில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஸ்தாபகர் பெயரைச் சொல்வார்கள், கட்டடம் பிரதிஷ்டையான வருஷத்தைச் சொல்வார்கள், இன்றைக்கு எத்தனை கிளைச் சபைகள் என்று சொல்லி முடிப்பார்கள். நான் வேறு ஒன்றைக் கேட்கப் போகிறேன். ஏன் வளர்ந்தோம்? பணம் இல்லை, படிப்பு இல்லை, கோபுரம் இல்லை, மணி இல்லை. அப்புறம் எப்படித் தெருவுக்கு ஒரு சபை வந்தது?

நான் படித்ததையும் மூத்த விசுவாசிகள் வாயால் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன். மற்ற எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று பேச இடமில்லாதவர்களுக்கு இங்கே பேச இடம் கிடைத்தது. விதவைக்கு, கூலிக்காரனுக்கு, எழுத்தறியாத பாட்டிக்கு. சபை வளர்ந்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். முதல் காரணம் இது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நம்மில் பலர் நினைக்கிறோம், பெந்தெகொஸ்தே அனுபவம் எல்லாம் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது என்று. கொஞ்சம் நம் பக்கத்திலிருந்தே ஆரம்பிப்போம். ஜான் கிறிஸ்டியான் அருளப்பன் என்று ஒருவர் இருந்தார். 1810ல் பிறந்தவர், திருநெல்வேலிச் சீமைக்காரர், ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்தார். குரோவ்ஸ் தொழிலால் பல் வைத்தியர். மிஷன் சங்கத்தின் சம்பளம் இல்லாமலே ஊழியம் செய்யலாம், திருவிருந்தில் அப்பம் பிட்கக் குருப்பட்டம் தேவையில்லை, விசுவாசிகள் கூடினால் போதும் என்று சொன்னவர். அந்தக் காலத்தில் இது சாதாரண வார்த்தை இல்லை. அருளப்பன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். 1840ல் மேற்கு மலையடிவாரத்தில், வத்திராயிருப்புப் பக்கம், கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை ஏற்படுத்தினார். வெளிநாட்டுச் சங்கத்துக்குக் கணக்குக் காட்டும் உபதேசியாராக இல்லாமல், கர்த்தர் தருவதை நம்பி வாழ்ந்தார்.

அங்கே 1860ல் ஒரு எழுப்புதல், ஜனங்கள் கூட்டமாக பக்தியில் அனல்மூண்டு எழும் காலம், உண்டானது. ஆண்களும் பெண்களும் பாவ உணர்வில் கதறி அழுதார்கள், தரிசனம் கண்டார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், தாங்கள் கற்காத அந்நிய பாஷை பேசினார்கள். அருளப்பனே தம் நாட்குறிப்பில் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். பெந்தெகொஸ்தே இயக்கம் பிறந்த இடம் என்று பலரும் சொல்கிற லாஸ் ஏஞ்சலிஸ் அசுசா தெருக் கூட்டங்களுக்கு 46 வருஷம் முன்னால்! அது பெந்தெகொஸ்தே என்ற பெயரில் நடந்ததல்ல. அங்கிருந்து அறுபடாமல் நம் கைக்கு வந்து சேர்ந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் சம்பளமும் பட்டமும் சபையைவிட்டு விலகி நின்ற ஒரு கிராமத்தில் சாதாரண ஜனங்களின் வாய் திறந்தது என்பதைக் கவனியுங்கள். இனி நான் சொல்லப்போகிற எல்லா இடத்திலும் இதுவே நடந்திருக்கிறது.

அடுத்தது பூனாவுக்குப் பக்கத்தில் கேட்காவ். பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி மிஷன். சமஸ்கிருதம் கரைத்துக் குடித்த பிராமணப் பெண், தாமே இளம் விதவை. பஞ்சத்தில் அநாதையான பெண் பிள்ளைகளையும், குடும்பத்தார் கைவிட்ட விதவைகளையும் சேர்த்து வைத்துக் காப்பாற்றினார். 1905 தொடக்கத்தில், எழுப்புதலுக்காக ஜெபிக்க மனமுள்ளவர்கள் வாருங்கள் என்று கேட்டார். எழுபது பேர் போல முன்வந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் தினம் ஜெபிக்கிறவர்கள் ஐந்நூறைத் தாண்டிவிட்டார்கள். அந்த ஜூன் கடைசியில் ஒரு நாள் விடியுமுன்னே, தூங்கும் கூடத்தில் ஒரு பெண் பரிசுத்த ஆவியினால் நிரம்பி எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் கண்ணுக்கு அவள் மேல் நெருப்பு தெரிந்தது. பயந்து போய் ஒரு வாளி தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், ஊற்றி அணைக்க! கிட்டே வந்த பிறகுதான் அது எரிகிற நெருப்பு அல்ல என்று தெரிந்தது. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மிகப் பிரியமான இடம் அந்த வாளிதான். அவள் வேதபண்டிதை அல்ல. தோழி எரிகிறாள் என்று நினைத்தாள், தண்ணீர் எடுக்க ஓடினாள். கர்த்தர் அப்படிப்பட்ட பிள்ளைகள் நடுவில்தான் இறங்கினார்.

முக்தியில் நடந்ததை மின்னி ஆபிரகாம்ஸ் என்ற மிஷனரி அம்மையார் ஒரு சிறு புத்தகமாக எழுதினார். அதைத் தென்னமெரிக்காவில் சிலி நாட்டில் இருந்த தம் தோழியின் குடும்பத்துக்கு அனுப்பினார். அவர்கள் படித்துவிட்டு ஜெபிக்க ஆரம்பித்தார்கள். 1909ல் சிலியில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் வந்தது. இந்தியாவின் விதவைகளும் அநாதைப் பெண்களும் பூமியின் மறுகோடியில் சபை உருவாகக் காரணமானார்கள். நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அசுசா தெருவை நீங்கள் பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1906 ஏப்ரல். வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்த தாய் தகப்பனுக்குப் பிறந்தவர், ஒரு கண்ணில் பார்வை இல்லாதவர். ஹூஸ்டனில் வேதபாடம் படிக்கப் போனபோது, நிறவேற்றுமையால் அவரை வகுப்புக்குள்ளே சேர்க்கவில்லை. திறந்த கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டார். அந்த மனிதர்தான் பிறகு குதிரை லாயமாகக் கிடந்த கட்டடத்தில் இரண்டு மரப்பெட்டிகளை அடுக்கிப் பீடமாக்கிக்கொண்டு ஊழியம் செய்தார். கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகோக்காரரும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். யாருக்கு ஆவியானவர் வார்த்தை கொடுத்தாரோ அவர் எழுந்து பேசினார்.

இந்தச் செய்தி நம் மலைகளுக்கும் வந்தது. நார்வே தேசத்துப் போதகர் பாரட் 1908ல் குன்னூரில் வந்து தங்கிக் கூட்டங்கள் நடத்தினார். பிறகு திருவிதாங்கூரிலும் மதராசிலும் மிஷனரிகள் வேலை செய்தார்கள். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் தமிழ் பேசும் ஜனங்கள் நடுவே மிக ஆழமாக வேர்விட்ட ஒரு சபையை ஆரம்பித்தவர் வெள்ளைக்காரர் அல்ல. திருச்சூர்ப் பக்கம் இந்துக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பிழைப்புத் தேடி இலங்கைக்குப் போன இராமன்குட்டி என்ற பையன். கொழும்பில் ஒரு தமிழ் வைத்தியர் வீட்டில் வேலைக்கு இருந்தபோது கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். பவுல் என்று பெயர் பெற்றார். 1920களின் நடுவில் அவரும் ஆல்வின் டி ஆல்விஸ் என்பவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். இன்றைக்கு நாம் டி.பி.எம். (தி பெந்தெகொஸ்தே மிஷன்) என்று சொல்கிறோம், தாம்பரம் பக்கத்தில் இரும்புலியூரில் வருஷா வருஷம் கன்வென்ஷன் கூடுகிறதே, அந்தச் சபைதான். வெள்ளை உடை, ஊழியர்கள் சேர்ந்து வாழும் விசுவாச வீடு, மணம் முடிக்காத ஊழியர்கள். அவர்கள் உபதேசத்தில் எல்லாவற்றுக்கும் நான் ஆமென் சொல்கிறவன் அல்ல. ஆனால் வீட்டு வேலைக்கு நின்ற பையன் ஒரு சபைக்குத் தலைமைப் போதகரானார் என்பது, ஐயா, அன்றைய மிஷன் பங்களாக்களில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

இப்போது நம் ஊர்களுக்கு வருவோம். ஒரு பெந்தெகொஸ்தே சபை எப்படித் தொடங்குகிறது? நான் கேட்ட வரைக்கும் பெரும்பாலும் ஒரு வீட்டின் முன்னறையில். அந்த வீட்டைத் திறந்தவர் பெரும்பாலும் ஒரு பெண். பிலிப்பியில் லீதியாள் திறந்தாள், லவோதிக்கேயாவில் நிம்பா வீட்டில் சபை கூடியது, எருசலேமில் மாற்கின் தாய் மரியாள் வீட்டில் இராத்திரி ஜெபம் நடந்தது. நம் தெருக்களிலும் அப்படியே. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஜெபிக்கக் கூப்பிடுவார்கள். கணவரின் குடி நிற்கவேண்டும் என்று கூப்பிடுவார்கள். ஊழியக்காரர் சைக்கிளில் வருவார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்று ஆரம்பித்து, ஞாயிறு ஆராதனையாக மாறும்.

அந்த முன்னறையைக் கண்முன் கொண்டு வாருங்கள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாயிற்று. பாய் விரித்தாயிற்று. செருப்புகள் வாசலில் குவிந்து கிடக்கின்றன. ஒரு தாம்பரின், கைத்தாளம், அவ்வளவுதான் வாத்தியம். இரண்டு பாட்டு முடிந்ததும் போதகர் சொல்வார், "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம்." கர்த்தர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சபை முன் சொல்வதுதான் சாட்சி. கொஞ்ச நேரம் யாரும் அசையமாட்டார்கள். பிறகு மூலையில் இருந்து ஒரு அம்மா எழுந்திருப்பார். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்வார். "கர்த்தருடைய பரிசுத்த நாமத்துக்கு ஸ்தோத்திரம். போன வாரம் ஜெபிக்கச் சொன்னேன் இல்லையா, அந்தக் காரியத்திலே..." என்று ஆரம்பிப்பார். குரல் நடுங்கும். வார்த்தை தடுமாறும். பாதியில் அழுதுவிடுவார். எல்லாரும் "ஆமென், அல்லேலூயா" என்று தாங்கிக்கொள்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த அம்மா தன் வாழ்நாளில் அதற்கு முன்பு நாலு பேர் கேட்கும்படி எழுந்து நின்று பேசியிருப்பாரா? கணவர் வீட்டில் பேசவிட்டார்களா? பஞ்சாயத்தில் பேசவிட்டார்களா? வேலை செய்த வீட்டில்? இங்கே நாற்பது பேர் வாய் மூடிக் கேட்கிறார்கள், அவர் சொன்னதற்கு ஆமென் சொல்கிறார்கள். அடுத்த வாரம் அவர் பக்கத்து வீட்டுக்காரியை அழைத்துக்கொண்டு வருகிறார். கன்வென்ஷன் நோட்டீஸ் அச்சடிக்காமலேயே சபை வளர்ந்தது இப்படித்தான்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. குழந்தையாயிருந்தபோது தெளிப்பு ஞானஸ்நானம் பெற்றவர்கள், கிணற்றிலும் ஏரியிலும் மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது, தாய்ச் சபை அவர்களை விலக்கியது. செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று சொல்லப்பட்ட குடும்பங்களை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். இந்து சமயத்தில் இருந்து வந்த தலித் விசுவாசிகளுக்கு வேறொரு விலை. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராக மாறியவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார். பிள்ளையின் படிப்பு, வேலை எல்லாம் அதில் தொங்குகிறது. 2011 கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம் என்கிறது. அதில் பெந்தெகொஸ்தேக்காரர் எத்தனை பேர் என்று அது பிரித்துச் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை பாயில் உட்கார்கிற எல்லாரும் அந்தக் கணக்கில் கிறிஸ்தவராக எழுதப்பட்டிருக்கிறார்கள் என்றும் நினைக்கவேண்டாம்.

பிறகு வளர்ச்சி வந்தது. சென்னையில் போதகர் மோகன் அவர்கள் 1973ல் ஒரு சிலரோடு ஆரம்பித்த நியூ லைஃப் அசெம்பிளி ஆஃப் காட் இன்று பல்லாயிரம் பேர் கூடும் சபை. முன்னறை போதாமல் மாடி, மாடி போதாமல் கொட்டகை, கொட்டகை போதாமல் மண்டபம். வழிபாட்டிடம் கட்ட ஆட்சியர் அனுமதி, திருமணம் நடத்திவைக்க 1872 சட்டப்படி உரிமம், டிரஸ்ட் பதிவு, தணிக்கை என்று வேலைகள் கூடின. இவையெல்லாம் வேண்டியவைதான். ஒழுங்காகச் செய்யவேண்டும்.

ஆனால் ஒலிபெருக்கியும் வந்தது. அதைப் பற்றி மட்டும் நான் சொல்லியே ஆகவேண்டும். சென்னையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கம், பக்கத்திலிருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபையின் மைக், டிரம்ஸ் சத்தத்துக்கு எதிராக வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்கவேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை, ஒலிபெருக்கி வைத்துத்தான் ஜெபிக்கவேண்டும் என்றும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. நம்மில் சிலர் அதை உபத்திரவம் என்றார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அது நியாயமான வார்த்தை. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிற பெரியவரும் நாம் சுவிசேஷம் சொல்லவேண்டிய ஜனங்கள்தானே?

ஒலிபெருக்கி வெளியே செய்ததைவிட உள்ளே செய்த சேதம்தான் பெரிது. மைக் ஒன்றுதான், அது ஒருவர் கையில். ஆராதனை நடத்துகிறவரிடமிருந்து பிரசங்கியாரிடம் போகிறது, பிரசங்கியாரிடமிருந்து அறிவிப்புச் சொல்கிறவரிடம் போகிறது. சாட்சி நேரம் அரை மணியிலிருந்து பத்து நிமிஷமாகி, பத்து நிமிஷம் "நேரமின்மையால்" என்றாகிவிட்டது. சில சபைகளில் சாட்சியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். சிலவற்றில் வீடியோவில் பதிவு செய்து, வெட்டி ஒட்டித் திரையில் போடுகிறார்கள். நீங்கள் கூடிவரும்போது ஒருவன் சங்கீதம் பாடுகிறான், ஒருவன் போதகம்பண்ணுகிறான், ஒருவன் அந்நிய பாஷை பேசுகிறான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, அந்தச் சபையில் பேசினவர்கள் பலர். நம் சபையில் கேட்கிறவர்கள் பலர், பேசுகிறவர் ஒருவர்.

போதகர் ஐயா, உங்களிடம் உரிமையோடு இரண்டு காரியம் கேட்கிறேன். ஞாயிறு ஆராதனையில் இருபது நிமிஷம் சாட்சிக்கு விடுங்கள். மைக் இல்லாமல். யார் என்ன சொல்வார்களோ என்ற பயம் இருக்கும். சிலர் நீட்டுவார்கள், சிலர் சொல்லக்கூடாததைச் சொல்வார்கள். மூப்பர்கள் அன்பாகத் திருத்தட்டும். தடுக்கவேண்டாம்.

இரண்டாவது, சபை வரலாறு ஒரு மலராக வரப்போகிறது என்று சொன்னார்கள். மகிழ்ச்சி. அதில் போதகர்கள் படம் போடுவதற்கு முன்பாக, முதல் கூட்டம் யார் வீட்டில் நடந்தது, பாய் யார் விரித்தது, முதல் ஞானஸ்நானம் எந்தத் தண்ணீரில் நடந்தது, அன்று எத்தனை பேர் நின்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கேட்பதற்கு வாலிபர்களை அனுப்புங்கள். எண்பதைத் தாண்டிய தாய்மார்கள் இன்றைக்கும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர்கள் சொல்கிற தமிழிலேயே அச்சிடுங்கள், திருத்தி அழகாக்கவேண்டாம். அடுத்த மாதம் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஸ்தோத்திரம்.