துரியோதனன் வேடம் கட்டப் போகிறவருக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் வேடம் போடுவதற்குப் பஞ்சமே இல்லை. குகையிலும் அம்மாப்பேட்டையிலும் வண்டி வேடிக்கைக்காகத் தெருப் பிள்ளைகள் சிவனாகவும் பார்வதியாகவும் ஏறி நிற்பார்கள். வண்டியில் நிற்கிறவருக்கு முகமும் உடையும் அமைந்துவிட்டால் வேலை பெரும்பாலும் முடிந்தது. தெருக்கூத்தில் அப்படி முடியாது. கட்டின வேடத்தோடு விடிய விடிய ஆட வேண்டும், பாட வேண்டும். ஊர்ப் பிள்ளைகளே சேர்ந்து நடத்துகிற பதினெட்டாம் போர்க் கூத்தில், அதாவது பாரதப் போரின் கடைசி நாளை ஆடும் கூத்தில், முதல் தடவையாகத் துரியோதனன் கட்டப் போகிறவரை மனதில் வைத்துத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

லுங்கி பனியனோடு ஒத்திகையெல்லாம் முடித்துவிட்டு, ஆட்டத்தன்று ராத்திரிதான் கிரீடத்தைத் தலையில் வைப்பது பல ஊர்களில் வழக்கம். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கிரீடம், தோளில் கட்டுகிற புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, ஜிகினாத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. மரம் லேசு என்றாலும் உயரமும் அகலமும் சேர்ந்து ஆளைத் தள்ளும். புஜக்கட்டை கட்டிய கை உடம்போடு ஒட்டித் தொங்காது. முழங்கை தானாக விலகி நிற்கும். கீழே விரிந்த பாவாடை இருப்பதால் பாதங்களை நெருக்கி வைக்க முடியாது. ராஜநடை என்று நாம் பார்ப்பது பாதிக்குமேல் இந்த உடையால் வருவது.

அதனால் பதினைந்து நாளுக்கு முன்பே ஒத்திகையில் பொய்ச்சுமை கட்டுங்கள். இடுப்பில் இரண்டு பழைய புடவையைக் கொசுவிக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, அதன்மேல் அரைக்கிலோ அரிசி மூட்டையை வைத்து இறுக்கிக்கொண்டால் போதும். அப்படியே சுழன்று பாருங்கள். நீங்கள் நின்ற பிறகும் பாவாடை அரைச்சுற்று ஓடும், தலைச்சுமை ஒரு பக்கம் இழுக்கும். மிருதங்கம் முத்தாய்ப்பு வைத்து அடியை முடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே காலை ஊன்றினால்தான் உடையும் நீங்களும் சேர்ந்து நிற்பீர்கள். இது சொல்லிக்கொடுத்து வராது, சுமையோடு சுற்றினால்தான் பிடிபடும்.

பாவாடை விறைப்பாக நிற்க, உள்பாவாடைக்குக் கஞ்சி போட வேண்டும். சேலத்தில் ஜவ்வரிசிக்கு அலைய வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசி, கண்ணாடி மாதிரி ஆகும்வரை கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறியபின் துணியை முக்குங்கள். வடிகட்டாமல் விட்டால் கட்டி கட்டியாக ஒட்டிக் காய்ந்து, ஆடும்போது வெள்ளைவெள்ளையாக உதிரும். ஈரம் காயாமல் மடித்து வைத்தால் புளித்து நாறும்.

இனி முகம். சவரத்தை அன்று காலையிலேயே முடித்துவிடுங்கள். சாயங்காலம் செய்தால் கத்தி பட்ட இடமெல்லாம் வண்ணம் எரியும். முகத்தில் மஞ்சளாகப் பூசிய பழைய அரிதாரக் கல்லில் ஆர்சனிக் என்ற நஞ்சு உண்டு. யாராவது பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதிய வண்ணம் எதுவானாலும் முதல் நாளே முன்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். தடிப்போ அரிப்போ வந்தால் அதை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

துரியோதனனுக்குச் சிவப்பு. முகத்தைக் கழுவி நன்றாகத் துடைத்தபின் தேங்காய் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு, அவ்வளவுதான். எண்ணெய் கூடினால் பத்து மணிக்கெல்லாம் வண்ணம் வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிடும். பொடியை உள்ளங்கையில் எண்ணெய் விட்டுக் குழைத்து, நெற்றியிலிருந்து கீழ்நோக்கித் தட்டித் தட்டிப் பூசுங்கள். காதுமடலையும் தாடைக்கு அடிப்பக்கத்தையும் மறக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு உங்கள் தாடைதான் முதலில் தெரியும். பூசி முடித்தபின் முகப்பவுடரை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. அது காய்ந்தபின் மையால் புருவம், கண், கன்னம்வரை ஏறுகிற மீசை. கோட்டின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தால்தான் கடைசி வரிசைக்கும் மீசை எடுபடும். கைக்கண்ணாடியில் அழகாகத் தெரிவதை நம்ப வேண்டாம். எந்த விளக்கில் ஆடப் போகிறீர்களோ அதன் கீழே போய் நின்று, இருபதடி தள்ளி ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கு அமைந்த சிவப்பு, இன்றைய வெள்ளை எல்இடியில் மங்கித் தெரியும்.

ஏற்காட்டுக்கு மேலே ஆடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ராத்திரிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டிதான். குழைத்த வண்ணம் திரிதிரியாகப் பிரியும். எண்ணெய்ப் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நல்லெண்ணெய்க்கு மாறுங்கள்.

முகம் முடிந்ததும் கழிப்பறைக்குப் போய்வந்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், பாவாடை கட்டின பிறகு அது ஆகாத காரியம். அடுத்து சலங்கை: கணுக்காலில் துணியைச் சுற்றி, அதன்மேல் கட்டினால் தோல் உரியாது. பிறகு பாவாடை, மார்ப்பதக்கம், புஜக்கட்டை. கிரீடம் கடைசியில்தான். தலைத்துணியின்மேல் கிரீடத்தை வைத்து, கயிறு பின்மண்டை மேட்டுக்குக் கீழே போகும்படி இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். மேட்டுக்கு மேலே கட்டினால் முதல் சுழற்சியிலேயே ஏறிக்கொண்டு, கிரீடம் மூக்குக்கு வந்துவிடும். நெற்றிப்பொட்டு விண்விண்ணென்றால் உடனே தளர்த்துங்கள். வீம்புக்குத் தாங்கிக்கொண்டு போனால் பாட்டு மறந்துபோகும்.

சரி, பாத்திரம்? வசனம் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள், அன்றைய நிலவரத்தை யோசிப்பதில்லை. பதினோரு அக்குரோணி, அதாவது பதினோரு பெரும்படைப் பிரிவு, சேனையோடு வந்தவன் துரியோதனன். பதினெட்டாம் நாள் சல்லியன் சேனாதிபதி. அவனும் விழுகிறான், சகுனியும் விழுகிறான். கடைசியில் துரியோதனன் பக்கம் மிஞ்சுவது அசுவத்தாமன், கிருபர், கிருதவர்மன். அவன் மடுவில், அதாவது ஆழமான நீர்நிலையில், போய் ஒளிகிறான். ஊருக்கு ஊர் பாடம் மாறும், இது மாறாது. ஆகவே அதே கிரீடம், அதே புஜக்கட்டை என்றாலும், சூதாட்டக் கூத்தில் போட்ட நடையை இங்கே போட்டால் பொய்யாக இருக்கும்.

தொடையைக் கவனியுங்கள். சபையில் திரௌபதிக்குத் தொடையைக் காட்டியவன், அதே தொடையில் பீமனிடம் அடிபட்டு விழப்போகிறான். பலரும் கோபம் வருகிற இடமெல்லாம் தொடையைத் தட்டிவிடுகிறார்கள். கடைசியில் அந்தத் தட்டலுக்கு மதிப்பில்லாமல் போகிறது. முதல் தர்பாரில் ஒரே ஒரு தடவை ஓங்கித் தட்டுங்கள். மடுவை விட்டு வெளியே வந்தபின் கை அங்கே போகட்டும், ஆனால் தட்ட வேண்டாம், வெறுமனே தங்கட்டும். முன்வரிசைப் பாட்டிகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

இருவர் பிடிக்கிற திரைக்குப் பின்னால் நிற்கும்போதே நீங்கள் துரியோதனன்தான். திரைக்குப் பின்னாலிருந்தே பாடுகிற திரைவிருத்தத்தைப் பாடும்போது கிரீடத்தின் நுனி திரைக்கு மேலே தெரியும்; அது ஆடினால் சனம் பார்க்கும். பாட்டை மறந்தாலும், கூத்தை நடத்திச் செல்கிற கோமாளியான கட்டியங்காரன் கேள்வி கேட்டு இழுத்துப் பிடித்துவிடுவார். அவருக்கு முன்கூட்டியே ஒரு சாடை சொல்லி வையுங்கள்.

விடிந்தபின் முகத்தில் நேராகச் சோப்புப் போடாதீர்கள். தேங்காய் எண்ணெயைத் தடவி, பழைய பருத்தித் துணியால் கண்ணைச் சுற்றி முதலில் துடைத்து, மற்ற இடத்தையும் வழித்தெடுத்தபின் பயத்தமாவு. பாவாடையை வெயிலில் காயப் போடலாம். கிரீடம், புஜக்கட்டை முதலிய மரக்கட்டைகளை நிழலில்தான் வைக்க வேண்டும். வெயில் பட்டால் மரம் வெடிக்கும், ஈரத்துணியால் துடைத்தால் கண்ணாடிச் சில்லு பசைவிட்டு உதிரும். வியர்வையைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, கிரீடத்தைத் தனித் துணியில் சுற்றி, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

வணக்கம்.