கடைமடையில் ஒரு தியான முகாம்: மணல், வரப்பு, ஆறு

அனைவருக்கும் அன்பு வணக்கம். இப்போது நேரம் காலை ஐந்தே முக்கால். நான் தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் மங்கலாகத் தெரிவது டேனியர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை. அதற்கு இப்பால் மணலில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள், மொத்தம் 28 பேர். ஜெபிக்கிற பிள்ளையைப் படம்பிடிப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆகவே இந்தக் காணொளியில் பெரும்பாலும் கடலையும் என் முகத்தையும்தான் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் நாங்கள் நடத்தும் மூன்று நாள் தியான முகாமின் கடைசி நாள் இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் பொறுப்பேற்று நடத்திய முகாமில், வெளியிடத்து நிகழ்ச்சி என்றாலே விளையாட்டுதான் என்று எண்ணிக்கொண்டு, கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம், புதையல் தேடல் என்று பகல் முழுவதையும் நிரப்பிவிட்டேன். மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது பாதிப் பேர் தூங்கி விழுந்தார்கள். தேவசெய்தி கொடுக்க வந்த போதகர் ஐயா நிலைமையைப் பார்த்துவிட்டு, இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டார். தவறு பிள்ளைகளுடையது அல்ல, என்னுடையது. அதனால் இம்முறை ஒரு நாளைக்கு வெளியில் ஒரே ஒரு காரியம் என்று வைத்துக்கொண்டோம். அதையும் பேச்சில்லாமல், அவசரமில்லாமல் செய்ய வேண்டும். அன்றைய ஜெபம் அங்கேயே தொடங்க வேண்டும்.

முதல் நாள் காரியம் இந்த மணலில் நடந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ 24. எங்கள் ஐக்கியத்தின் மூத்த பிள்ளைகளுக்கும் அந்த வயதுதான். தமிழ் ஓரெழுத்தும் தெரியாமல் வந்தவர், திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு உட்கார்ந்து விரலால் மணலில் எழுதிப் பழகினார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு இதே ஊரின் அச்சகத்தில் அச்சாகி வெளிவந்தது. இதைச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு வசனத்தை விரலால் மணலில் எழுதும்படி கேட்டுக்கொண்டோம். பாவங்களை மணலில் எழுதி அலை அழிப்பதைப் பார்க்கும் பழக்கம் பல முகாம்களில் உண்டு. எனக்கு அது சற்று நாடகமாகத் தோன்றுவதால் தவிர்த்துவிட்டேன். கைப்பேசியில் ஒரு நொடியில் தட்டிவிடும் வசனத்தை ஈர மணலில் எழுத எட்டு, பத்து நிமிடம் ஆகிறது. கொம்பும் காலும் சுழியும் போடுவதற்குள் நண்டு ஒன்று குறுக்கே ஓடி ஓர் எழுத்தைக் கெடுத்துவிடும். மறுபடி எழுத வேண்டும். அந்தத் தாமதத்தில்தான் வசனத்தின் ஒவ்வொரு சொல்லும் மனத்தில் இறங்கியது என்று ஒரு தம்பி பிறகு சொன்னான்.

இரண்டாம் நாள்தான் நான் எதிர்பாராதது நடந்தது. பொறையாறு பக்கம், ஆற்றுப் பாசனம் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், ஒரு வயல் வரப்பில் ஒற்றை வரிசையாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் மௌனமாக நடந்தோம். சம்பாவுக்கு நேரடி விதைப்புச் செய்த வயல். பயிர் விரற்கடை உயரத்துக்கு வந்திருந்தது. நடை முடிந்ததும் வரப்பிலேயே உட்கார்ந்து, இயேசு சொன்ன விதைக்கிறவனின் உவமையை வாசித்தோம். வழியருகே விழுந்த விதை, கற்பாறை நிலத்தில் விழுந்த விதை, முள்ளுக்குள் விழுந்த விதை, நல்ல நிலத்தில் விழுந்த விதை என்று அறிந்த கதைதானே என நான் நினைத்துக்கொண்டிருக்கையில், பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், “அண்ணா, இங்கே பாறை எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆற்று வண்டல் படிந்த நாட்டில் பாறைக்கு எங்கே போவது?

மடையில் மண் அணைத்துக்கொண்டிருந்த பெரியவர்தான் பதில் சொன்னார். “கல்லு ஏது பாப்பா இங்க? எங்களுக்கு உவருதான்” என்று சொல்லி, வயலின் கிழக்கு மூலைக்கு எங்களை அழைத்துப் போனார். அங்கே மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நாற்று முளைத்திருந்தது, ஆனால் நுனி கருகி மஞ்சளாக நின்றது. ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார்; வேர் மயிரிழைபோல மேலாகவே நின்றுவிட்டிருந்தது. மேற்பார்வைக்கு மற்ற மண்ணைப் போலவேதான் இருக்கும், ஈரமும் இருக்கும், வேர்தான் இறங்காது என்றார். முளைத்தும் வேர் இறங்காத கற்பாறை நிலம் என்று பிரசங்கத்தில் நாங்கள் பலமுறை கேட்ட அந்த இரண்டாம் நிலத்தை, கடைமடை விவசாயி ஒருவர் கையில் பிடித்துக் காட்டியதும் பிள்ளைகளில் ஒருவரும் பேசவில்லை. “ரெண்டு நல்ல மழை பெஞ்சா கழுவிக்கிட்டுப் போயிடும்” என்று சொல்லிவிட்டு அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முகாமுக்கு வரும் குழுக்கள் பூண்டி மாதா பேராலயம், ஏலாக்குறிச்சி என்று கொள்ளிடக் கரைத் தலங்களுக்குப் போவதும், போனதும் ஆற்றில் இறங்குவதும் வழக்கம். 2022 அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து பூண்டிக்குத் திருப்பயணம் வந்தவர்களில் ஆறு பேர் கொள்ளிடத்தில் மூழ்கி இறந்தார்கள். கரையில் முழங்காலளவு தண்ணீர் தெரியும். நான்கடி தள்ளி ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கும். மேலே திருச்சி அருகே முக்கொம்பு அணையில் மதகு திறந்தால் நீரோட்டம் மாறிவிடும், அது கீழே நிற்பவருக்கு உடனே தெரியாது. எனவே எங்கள் முகாமில் ஆறு என்பது கரையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு மட்டுமே. கடலிலும் கணுக்காலுக்கு மேல் அனுமதியில்லை. இதில் நான் கண்டிப்பானவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், வாங்கினால் வாங்கிக்கொள்கிறேன்.

மற்றவை சிறிய காரியங்கள். வெளியில் செய்வது எதுவானாலும் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு வெயில் யாரையும் தியானிக்க விடாது. குடிநீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் உடனிருக்கட்டும். வயலில் இறங்குவதற்கு முன் உரியவரிடம் கேளுங்கள்.

நேற்று இரவு ஜெபத்தில், பாறை எங்கே என்று கேட்ட அந்தப் பெண்ணின் முறை வந்தது. வழக்கமாக அவள் தாளில் எழுதி வைத்து வாசிப்பவள். நேற்று தாள் இல்லை. பெரியவருடைய வயலின் கிழக்கு மூலைக்கு இரண்டு மழை வேண்டும் ஆண்டவரே என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இதோ, கிழக்கே பாருங்கள், கடலுக்கு மேல் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது, ஒரு மேகமும் இல்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் அந்த வயல் பக்கம் ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.